192 கட் ஆஃபும் ஒரு குலுக்கலும்

1996இல் நெதர்லாந்தில் ஒரு மாணவி பள்ளி இறுதித் தேர்வில் பத்துக்கு 9.6 சராசரி எடுத்தார். அந்த நாட்டில் 8 எடுத்தாலே பெரிய விஷயம். ஆனாலும் அவருக்கு மருத்துவ இடம் கிடைக்கவில்லை. குலுக்கலில் அவர் பெயர் விழவில்லை.

படித்தவுடன் நம் வாயில் வருவது "அநியாயம்!" என்ற சொல்தான். ஆனால் 1975 முதல் அந்த நாடு மருத்துவ இடங்களை அப்படித்தான் பங்கிட்டது. மதிப்பெண் கூடினால் சீட்டு விழும் வாய்ப்பும் கூடும், ஆனால் இடம் உறுதி கிடையாது. தேவையான பாடங்களில் தேறிய எல்லோரும் மருத்துவம் படிக்கத் தகுதியானவர்கள்தான், 7.6க்கும் 7.8க்கும் உள்ள இடைவெளியை வைத்து யார் நல்ல மருத்துவர் ஆவார் என்று சொல்ல முடியாது என்பது அதன் அடிப்படை. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்வதைவிடச் சீட்டு எடுப்பது நேர்மை என்று கருதினார்கள்.

அந்த மாணவியின் விவகாரம் பெரிய விவாதமாகி, 1999 முதல் 8 அல்லது அதற்கு மேல் எடுத்தவர்களுக்கு நேரடி இடம் என்றானது. 2017இல் குலுக்கலே ஒழிந்தது. கல்லூரிகள் சொந்தமாகத் தேர்வும் நேர்காணலும் வைத்தன. கூடவே காசு கட்டிப் படிக்கும் பயிற்சி வகுப்புகளும் வந்தன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே இது தோதாகிறது என்ற குறை வலுத்து, 2023-24 சேர்க்கையிலிருந்து விரும்பும் கல்லூரிகள் மறுபடி குலுக்கலாம் என்று அனுமதித்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் நமக்கு இருந்த பயம் வேறு: சிபாரிசு. ஆள் பார்த்து இடம் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம். அதனால் யாரும் கை வைக்க முடியாத ஓர் எண்ணை நம்பினோம். பொறியியல் கலந்தாய்வில் கணிதம் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு, மொத்தம் 200. கணிதம் 97, இயற்பியல் 94, வேதியியல் 96 என்றால் 97 + 47 + 48 = 192. கணிதத்தில் போன ஒரு மதிப்பெண் கட் ஆஃபில் முழுதாக ஒன்று, இயற்பியலில் போனால் அரை. மறுகூட்டலுக்கு எந்தப் பாடத்தை முதலில் அனுப்புவது என்று குழம்பும் பெற்றோர் இதை நினைவில் வைக்கலாம்.

இந்த எண்ணுக்குள் பள்ளியின் தரம் தெரியாது. 2007இல் பொறியியல் நுழைவுத் தேர்வு போனது, 69 சதவீத இடஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 2021 முதல் 7.5 சதவீதம் எல்லாமே அந்தக் குறையைச் சரிசெய்ய வந்தவை. என் கணக்கில் இவை எண்ணின் நியாயத்தைக் கெடுக்கவில்லை, அதை முழுமையாக்குகின்றன.

உண்மையில் இடறும் இடம், சிபிஎஸ்இ போன்ற வேறு வாரிய மதிப்பெண்ணை நம் மாநில வாரியத்தோடு சமன்படுத்துவதில். மாநில வாரியத்தில் ஒரு பாடத்தின் உச்சம் 100, இன்னொரு வாரியத்தில் 90 என்றால், அங்கே 60 எடுத்தவருக்கு 60 × 100 ÷ 90, அதாவது 66.66 கிடைக்கும். கணக்கு எளிது. ஆனால் மொத்த வாரியத்தின் பெருக்கலையும் முதலிடம் வந்த ஒரே ஆள் தீர்மானிக்கிறார். அந்தக் கடினமான வாரியத்தில் யாரோ ஒருவர் 100 எடுத்துவிட்டால், மற்ற அத்தனை பேருக்கும் ஈடு சுழி.

வெவ்வேறு பாட மதிப்பெண்களை ஒப்பிட இலங்கை 2001 முதல் இசட் புள்ளி வைத்திருக்கிறது. உங்கள் மதிப்பெண்ணிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, திட்ட விலகலால், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவால், வகுக்க வேண்டும். சராசரி 50, விலகல் 10 உள்ள பாடத்தில் 70 எடுத்தால் 2.0. சராசரி 60, விலகல் 20 என்றால் அதே 70க்கு 0.5தான். ஒருவரின் உச்ச மதிப்பெண் எல்லோரையும் ஆட்டாது. ஆனால் யாரை யாரோடு சேர்த்துச் சராசரி எடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். 2011 உயர்தரத் தேர்வில் (அங்கே பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான பள்ளி இறுதித் தேர்வு) பழைய, புதிய பாடத்திட்ட மாணவர்களைச் சேர்த்துக் கணக்கிட்டதால் வழக்காகி, 2012இல் உச்ச நீதிமன்றம் அந்தப் புள்ளிகளை ரத்து செய்தது.

அங்கே இடங்கள் பொதுவாக 40 சதவீதம் அகில இலங்கைத் தகுதி, 55 மாவட்டம், 5 பின்தங்கிய மாவட்டங்கள் என்று பிரிகின்றன. 'தரப்படுத்தல்' என்ற சொல்லே ஈழத்தமிழருக்கு வலிக்கும். 1970களின் தொடக்கத்தில் மொழிவாரியாகத் தரப்படுத்தி, பொறியியலுக்குச் சிங்கள வழியில் 227 மதிப்பெண் போதும், தமிழ் வழியில் 250 வேண்டும் என்று வைத்தார்கள். அதற்கு நியாயம் கற்பிக்க இடமில்லை. 1974இல் வந்த மாவட்டப் பங்கீடும் அன்று யாழ்ப்பாணத்தைக் கடுமையாக அடித்தது. அதே மாவட்டப் பங்கீட்டு முறைதான் இன்று முல்லைத்தீவிலும் மன்னாரிலும் ஆய்வுக்கூடம் சரியில்லாத பள்ளிப் பிள்ளைக்குக் கதவு திறக்கிறது. மொழிவாரித் தரப்படுத்தலையும் மாவட்டப் பங்கீட்டையும் ஒரே சொல்லால் ஏசுவது தவறு.

குலுக்கல் நமக்கு அந்நியம் என்றும் நினைக்க வேண்டாம். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க, வயது 35க்கு மேல் 70க்குள், கால்வேலி (வேலி என்பது பழைய நில அளவு) நிலத்துக்கு மேல் என்று முதலில் தகுதி வகுத்து, பிறகு குடத்தில் ஓலையிட்டு எடுக்கச் சொல்கிறது. முதலில் தகுதி, பிறகு சீட்டு. நெதர்லாந்தின் ஏற்பாடும் அதே வரிசைதான்.

நம் கலந்தாய்வுத் தரவரிசையையே பாருங்கள். கட் ஆஃப் சமமானால் கணிதம், இயற்பியல் முதலிய மதிப்பெண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, அவையும் சமமானால் பிறந்த தேதியில் மூத்தவரை முன்னே வைப்பார்கள். அதுவும் சமமானால், விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே கணினி வழங்கியிருக்கும் பத்து இலக்க ரேண்டம் எண்ணில் பெரியது எது என்று பார்ப்பார்கள்.