சிஃப்ராவின் தடத்தில்: புடாபெஸ்ட், சான்லிஸ், கொஞ்சம் பர்ஸ் எரிச்சல்

ஹங்கேரியில் பிறந்து பிரான்ஸில் குடியேறிய பியானோ கலைஞர் ஜார்ஜ் சிஃப்ராவின் தடம் பிடித்துப் போகிற பயணம் இது. தொடக்கம் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட். இந்த ஊர் விமான நிலையத்துக்கே இன்னொரு பியானோ கலைஞரின் பெயர்தான். 2011 முதல் அது, 19ஆம் நூற்றாண்டு ஹங்கேரியப் பியானோ மேதையும் இசையமைப்பாளருமான ஃபெரென்ஸ் லிஸ்ட் பெயரில், லிஸ்ட் விமான நிலையம். இசைக்காக ஊர் சுற்றுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வரவேற்பு ஏது என்று பூரித்துக்கொண்டே கதவைத் தாண்டினால், "டாக்ஸி, டாக்ஸி" என்று ஒரு ஆள் பெட்டியைப் பிடுங்காத குறையாக நிற்பார். அவரோடு போகாதீர்கள். இந்த ஊரில் டாக்ஸிக் கட்டணம் அரசாங்கம் நிர்ணயித்தது. வண்டி மஞ்சளாக இருக்க வேண்டும், மீட்டர் ஓட வேண்டும், கார்டு வாங்க வேண்டும், ரசீது தர வேண்டும். உள்ளே வந்து ஆள் பிடிப்பவர் இந்த நான்கில் ஒன்றையும் பேசமாட்டார், யூரோவில் மொத்தத் தொகை மட்டும் சொல்வார். அந்தப் பணத்துக்கு நல்ல கச்சேரியில் முன்வரிசையே கிடைக்கும்.

பேருந்து 100ஈ நேராக நகர மையமான தெயாக் சதுக்கத்துக்கு வரும். வசதிதான். ஆனால் அதற்குத் தனி டிக்கெட், விலை சாதாரண டிக்கெட்டைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. 24 மணி, 72 மணி பாஸ் எதுவும் அதில் செல்லாது. இது தெரியாமல் பாஸைக் காட்டி ஏறப்போய் வாசலிலேயே வாக்குவாதம் நடக்கும். காசை மிச்சம் பிடிக்க நினைத்தால் 200ஈ பேருந்தில் கோபான்யா-கிஷ்பெஷ்ட் வரை, அங்கிருந்து எம்3 மெட்ரோ. பாஸ் இருந்தால் இரண்டிலும் செல்லும். ஏடிஎம்மில் "உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி ஹங்கேரியப் பணமான ஃபோரிண்டிலேயே எடுங்கள். ஆமாம் என்று அழுத்துவது, தெரிந்தே பணத்தைத் தூக்கிக் கொடுப்பது.

சரி, எதற்கு இத்தனை பாடு? ஜார்ஜ் சிஃப்ரா. ஹங்கேரிய வழக்கப்படி குடும்பப் பெயர் முன்னால் வரும்: சிஃப்ரா ஜ்யோர்ஜ். கச்சேரி நோட்டீஸில் அப்படித்தான் தேட வேண்டும். 1921 நவம்பர் 5 அன்று புடாபெஸ்டில், வறுமை பிடித்த ஆங்யால்ஃபோல்டு பகுதியில், ரோமா (ஜிப்சி) இசைக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா முதல் உலகப் போருக்கு முன் பாரிஸ் கேளிக்கை அரங்குகளில் சிம்பலோம் என்ற கம்பி வாத்தியம் வாசித்தவர். போர் வந்ததும் எதிரி நாட்டுக் குடிமகன் என்று அவரைச் சிறையில் போட்டு, குடும்பத்தை நாடு கடத்தினார்கள். அக்கா பியானோ பழகுவதைப் படுக்கையில் கிடந்தபடி பார்த்தே இவர் வாசிக்கக் கற்றுக்கொண்டார். ஐந்து வயதில் சர்க்கஸில் உட்கார வைத்து, கூட்டம் கேட்கிற மெட்டுக்கெல்லாம் கற்பனையாக வாசிக்க விட்டார்கள். ஒன்பது வயதில் புடாபெஸ்டின் இசைக் கல்லூரியான லிஸ்ட் அகாதமியில் இடம்.

இந்த சர்க்கஸ் கதையை வைத்துத்தான் ஆயுள் முழுக்க அவரை மட்டம் தட்டினார்கள். வேகம் இருக்கிறது, ஆழம் இல்லை என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. அது வெறும் சோம்பேறித்தனம். அவர் கை எங்கிருந்து வந்தது என்று பார்க்க மூன்று இடம் போதும்: லிஸ்ட் வீடு, அகாதமி, ஒரு சிம்பலோம் பக்கத்தில் ஒரு மேசை.

லிஸ்ட் வீட்டுக்கு எம்1 மெட்ரோ. 1896இல் திறந்த பாதை, ஆந்த்ராஷி சாலைக்கு அடியில் சில படிகள்தான் ஆழம், மஞ்சள் நிறத்தில் பொம்மை மாதிரி ரயில். இங்கே இரண்டு சிக்கல். ஒன்று, வொரோஷ்மர்த்தி சதுக்கம் வேறு, வொரோஷ்மர்த்தி தெரு வேறு, இரண்டும் ஒரே பாதையில். சதுக்கம் பாதையின் முனை, உங்களுக்கு வேண்டியது அங்கிருந்து ஐந்தாவது நிறுத்தமான தெரு. சதுக்கத்தில் இறங்கி லிஸ்ட் எங்கே என்று முழிக்கிற கூட்டத்தைத் தினமும் பார்க்கலாம். இரண்டு, இந்த நிலையங்களில் இரு திசைக்கும் தனித்தனிப் படிக்கட்டு, கீழே இணைப்பு கிடையாது. தப்பான பக்கம் இறங்கினால் மேலே ஏறி, சாலையைக் கடந்து, மறுபக்கம் இறங்க வேண்டும். கீழே போனதும் டிக்கெட்டை மெஷினில் அடித்துவிடுங்கள். அடிக்காத டிக்கெட் பரிசோதகர் கணக்கில் டிக்கெட்டே இல்லை, சுற்றுலாப் பயணி என்று இரக்கமும் பார்ப்பதில்லை.

வொரோஷ்மர்த்தி தெரு 35. 1881 முதல் 1886இல் சாகும் வரை, ஊரில் இருக்கும்போதெல்லாம் லிஸ்ட் இங்கேதான் தங்கினார். செவ்வாய், வியாழன், சனி மதியம் 3 முதல் 4 வரை வீட்டில் இருப்பார் என்று அறிவிக்கும் பெயர்ப்பலகை கதவில் இன்னும் இருக்கிறது. உள்ளே எல்லோரும் அமெரிக்க சிக்கரிங் பியானோ முன்னால் குவிவார்கள். அதை விடுங்கள், எழுதுமேசையைப் பாருங்கள். சாதாரண மர மேசைதான், ஆனால் இழுப்பறையை இழுத்தால் மூன்று ஸ்தாயிக்கு ஒரு பியானோ விசைப்பலகை வெளியே வரும். போசென்டார்ஃபர் பியானோ கம்பெனி செய்து கொடுத்தது. எழுதுகிற காகிதத்துக்கும் வாசிக்கிற விரலுக்கும் நடுவே ஒரு சாண் தூரம்கூட இல்லை. வாசித்துப் பார்த்ததுதான் பிறகு காகிதத்துக்கு வருகிறது என்ற லிஸ்ட்டின் வழி இந்த மேசை ஒன்றிலேயே தெரிகிறது. சிஃப்ரா பிடித்துக்கொண்டதும் அந்த வழியைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும். சனிக்கிழமை காலை போனால் 11 மணிக்கு அதே கட்டடத்தின் சின்ன அரங்கில் ஒரு மணி நேரக் கச்சேரியும் கேட்கலாம். டிக்கெட் மலிவு, இளம் கலைஞர்கள் பயந்துகொண்டு நிஜமாகவே உழைத்து வாசிப்பார்கள். இந்த ஊரில் கொடுத்த காசுக்கு மிஞ்சிக் கிடைப்பது இதுதான்.

அடுத்து இன்றைய அகாதமி. லிஸ்ட் சதுக்கம் 8, ஒக்தோகோன் நிலையத்திலிருந்து பொடிநடை. 1907இல் திறந்த கட்டடம், வாசலுக்கு மேல் லிஸ்ட் உட்கார்ந்திருப்பார். முன்கூடத்தில் ஷோல்னாய் என்ற பீங்கான் ஓடுகள் வெளிச்சம் படும் கோணத்துக்கு ஏற்ப பச்சையும் நீலமுமாக மினுக்கும். வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கும் டிக்கெட்டைவிடக் கச்சேரி டிக்கெட் எடுப்பதே லாபம். கூடத்தையும் பார்க்கலாம், பாட்டும் கிடைக்கும். போட்டிருக்கும் மேல்கோட்டைக் கட்டாயம் காப்பறையில் கொடுத்துவிட வேண்டும், முடிந்ததும் அங்கே நிற்கும் வரிசை நம்ம ரேஷன் கடையைத் தோற்கடிக்கும். கைதட்டல் தனியாகத் தொடங்கி, சிறிது நேரத்தில் அரங்கம் முழுக்க ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்ளும். எழுந்து ஓடிவிடாதீர்கள், கூடுதல் உருப்படி அதற்குப் பிறகுதான் வரும்.

குரு பரம்பரையும் இங்கேதான் புரியும். லிஸ்ட்டின் மாணவர் இஷ்த்வான் தோமான். தோமானிடம் படித்தவர்கள் ஹங்கேரிய இசையமைப்பாளர்களான பார்த்தோக், தோநானி. அந்தப் பரம்பரையின் பள்ளியில்தான் சிஃப்ரா பையனாக நுழைந்தார். படிப்பைப் போர் துண்டித்தது. 1942இல் ராணுவத்தில் சேர்த்தார்கள், 1946 வரை போர்முனை, சிறைபிடிப்பு என்று போனது. திரும்பி வந்து மதுக்கடைகளிலும் இரவு விடுதிகளிலும் வாசித்துக் குடும்பம் நடத்தினார். 1950இல் நாட்டைவிட்டுத் தப்ப முயன்று பிடிபட்டு 1953 வரை சிறை, கல் சுமக்கும் கடும் வேலை. மணிக்கட்டு கெட்டது. பிற்காலக் கச்சேரிப் படங்களில் அவர் மணிக்கட்டில் தெரியும் தோல்பட்டை அந்த வேலையின் மிச்சம்.

இனி சிம்பலோம். சந்தூரைக் காலில் நிறுத்திப் பெரிதாக்கியது போலிருக்கும். பஞ்சு சுற்றிய இரண்டு குச்சிகளால் கம்பிகளைத் தட்டுவார்கள். 1874 வாக்கில் புடாபெஸ்டில் ஷுண்டா என்பவர் அதற்குக் காலால் மிதித்து ஒலியை அடக்கும் பெடல் பொருத்திய பிறகு அது கச்சேரி வாத்தியமானது. ஒரே கம்பியில் இரண்டு குச்சியும் மாறி மாறி விழுந்தால் சுரம் நடுங்கிக்கொண்டே நீளும். லிஸ்ட் ரோமா மெட்டுகளின் பாணியில் எழுதிய பியானோ உருப்படிகள்தான் ஹங்கேரிய ரேப்சடிகள்; அதில் 11ஆவதின் தொடக்கத்தில் "சிம்பலோம் போல" என்றே குறிப்பு இருக்கிறது. குச்சிக்கு எளிது, பியானோவுக்குக் கஷ்டம். ஒரே விசையை 4-3-2-1 என்று விரல் மாற்றி அடிக்க வேண்டும், விசை முழுக்க மேலே வரும்வரை காத்திருந்தால் வேகம் செத்துவிடும். பெரிய பியானோக்களில் பிரெஞ்சுப் பியானோ தயாரிப்பாளர் எரார் 1821இல் கொண்டுவந்த இரட்டை விடுவிப்பு அமைப்பு இருப்பதால் விசை பாதி எழும்போதே சுத்தியல் மறுபடி தயாராகிவிடும். மதுக்கடைச் சுவர்ப் பியானோவில் அந்த வசதி இல்லை. அப்படிப்பட்ட பியானோக்களில் வருஷக்கணக்கில் வாசித்த கை, பிறகு நல்ல பியானோ கிடைத்ததும் என்ன செய்யும் என்பதற்கு அவருடைய ரேப்சடி ஒலிப்பதிவுகளே சாட்சி. மெதுவான லஷான் பகுதியில் தாளத்தை இழுத்து, நிறுத்தி, ரசிகர் முகம் பார்ப்பது போலத் தயங்குவார். வேகமான ஃபிரிஷ்கா வந்ததும் கயிறு அறுந்த மாதிரி ஓடுவார். அந்தத் தயக்கம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை, உணவு மேசைக்குப் பக்கத்தில் நின்று வாசிக்கிறவனின் பழக்கம். ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவின் வண்டு மெட்டை இரண்டு கையும் மாறி மாறி, ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து (ஆக்டேவாக) அடிக்கும்படி அவரே மாற்றி எழுதியதும் இதே பழக்கத்தின் விளைவுதான்.

சிம்பலோம் கேட்க உணவகம்தான் வழி, அங்கேதான் பர்ஸ் பழுக்கும். நடைபாதையில் நின்று மெனுவை நீட்டி அழைக்கும் இடங்களைத் தவிருங்கள். பில்லில் 12 முதல் 15 சதவீதம் சேவைக் கட்டணம் ஏற்கனவே ஏறியிருக்கும், அதைப் பார்க்காமல் மேலே டிப்ஸும் வைத்துவிடுவோம். வாத்தியக்காரர் உங்கள் மேசைக்கே வந்து வாசித்தால் அது இலவசம் அல்ல, ஒரு நோட்டாவது வைக்க வேண்டும், சில்லறை நீட்டினால் முகம் மாறும். அது அவருக்கு நியாயமான கூலி, சேவைக் கட்டணத்தைவிட இதைக் கொடுக்க எனக்கு மனசு வரும். ஒரு சூப்போடு நிறுத்திக்கொண்டு, வயிற்றுக்கு மறுநாள் மதியம் வேலை நாள் மெனு போடும் எத்கெஸ்தே என்ற சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஃபோஸெலேக் என்று காய்கறியை வேகவைத்துக் கெட்டியாகக் கூட்டு மாதிரி தருவார்கள். பூசணிக்காயில் சதகுப்பைக் கீரை மணக்க, புளிப்பு கிரீம் விட்டு வரும் ஒரு தட்டு, ரொட்டியோடு, அவ்வளவு ருசி! சைவர்கள் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிட வேண்டும். தூரோஷ் ச்சூசா என்ற பாலாடை நூடுல்ஸும் அருமைதான், ஆனால் சொல்லாவிட்டால் மேலே பன்றி வறுவல் தூவி வந்துவிடும்.

ஆங்யால்ஃபோல்டுக்குப் போகத் தேவையில்லை. எம்3இல் வடக்கே போனால் அலுவலகக் கட்டடங்களும் அடுக்குமாடிகளும்தான், அந்தப் பழைய சேரி அங்கே இல்லை.

1956 அக்டோபர் 22, சோவியத் பிடிக்கு எதிரான ஹங்கேரியப் புரட்சி வெடிப்பதற்கு முந்தைய நாள், சிஃப்ரா புடாபெஸ்டில் இசைக்குழுவோடு வாசிக்கும் பார்த்தோக்கின் இரண்டாவது பியானோ கன்செர்ட்டோவை வாசித்தார். ஒலிப்பதிவு கிடைக்கிறது, வேகம் மட்டும்தான் தெரியும் என்பவர்கள் அதைக் கேட்டுவிட்டுப் பேசட்டும். எல்லை திறந்த அந்த வாரங்களில் மனைவி, மகனோடு வியன்னாவுக்குத் தப்பினார். அந்த ஆண்டு முடிவதற்குள் பாரிஸ் ஷாத்லே அரங்கில் மேடையேறினார். 1968இல் பிரெஞ்சுக் குடியுரிமை. லிஸ்ட் மட்டுமல்ல, கூப்ரான், ராமோ போன்றோரின் பழைய பிரெஞ்சு உருப்படிகளையும் ஒலிப்பதிவு செய்தார், சர்க்கஸ் என்று பேசுகிறவர்கள் அதைக் கேட்பதே இல்லை.

மீதிக் கதை பாரிஸுக்கு வடக்கே உள்ள சான்லிஸ் என்ற சிறு ஊரில். பாரிஸ் கார் துய் நோரிலிருந்து சான்லிஸுக்கு அருகிலுள்ள ஷாந்தியிக்கு வட்டார ரயிலான டிஇஆரில் 25 நிமிடம். புறநகர் ரயிலான ஆர்இஆர் டி-யிலும் போகலாம், ஆனால் நின்று நின்று ஊரும். பாரிஸ் நாவிகோ பாஸ் ஷாந்தியி வரை செல்லாது, அந்த ஊர் பாரிஸ் வட்டாரமான இல்-து-பிரான்ஸ் எல்லைக்கு வெளியே. தனி டிக்கெட் எடுக்காதவர்கள் ரயிலிலேயே அபராதம் கட்டுவார்கள். சான்லிஸுக்கு ரயில் கிடையாது, ஷாந்தியி நிலைய வாசலில் பேருந்து பிடிக்க வேண்டும். வேலை நாளில் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை மிகக் குறைவு. இறங்கியதும் திரும்பும் நேரத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் பார்க்க வேண்டியது புனித ஃபிராம்பூர் அரசத் தேவாலயம். பிரெஞ்சு மன்னர் ஹியூ காபேயின் மனைவி அடெலெய்டு தொடங்கியது, இப்போதுள்ள கட்டடம் 12ஆம் நூற்றாண்டினது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு கைமாறிக் கைமாறி கடைசியில் கார் கொட்டகையாக இருந்ததை 1973இல் சிஃப்ரா வாங்கினார். கச்சேரி வருமானத்தைக் கொட்டிப் பழுது பார்த்து லிஸ்ட் பெயரில் அரங்கமாக்கினார். இளம் கலைஞர்களுக்காக அறக்கட்டளையும் தொடங்கினார். பக்கக் கூடங்கள் இல்லாத ஒரே நீள மண்டபம். சன்னல்களில் ஸ்பானிய ஓவியர் மிரோ வரைந்த வண்ணக் கண்ணாடிகள், சிவப்பும் மஞ்சளும் நீலமும் 12ஆம் நூற்றாண்டுக் கல்லுக்குப் பக்கத்தில் துளிகூட வெட்கப்படாமல் நிற்கின்றன. காலையில் போனால்தான் வெளிச்சம் சரியாக விழும். தினமும் திறந்திருக்காது. கச்சேரி நாளா, பார்வை நாளா என்று முன்கூட்டியே விசாரிக்காமல் போனால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். அப்படி ஆனாலும் நாள் வீணில்லை, நோத்ர் தாம் பேராலயம் கூப்பிடு தூரத்தில்தான், அதற்குக் கட்டணமும் இல்லை.

மகன் ஜ்யோர்ஜ் இசைக்குழு நடத்துநர். 1981இல் தீ விபத்தில் இறந்தார். அதன்பிறகு சிஃப்ரா எந்த இசைக்குழுவோடும் வாசிக்கவில்லை. 1994 ஜனவரி 15 அன்று காலமானார்.

பிரான்ஸின் ஓவெர்ன் மலையில் லா ஷெஸ்-தியோ என்ற ஊரிலும் அவர் தடம் உண்டு. 1966இல் அங்குள்ள மடாலயத்தின் ஆர்கனைச் செப்பனிடப் பணம் திரட்டக் கச்சேரி செய்தார், அது ஆகஸ்ட் இசைவிழாவாக வளர்ந்தது. விழா நாள்களில் அறை வாடகை கேட்டால் தலை சுற்றும். கையில் காசு குறைவாக இருந்தால் அதைத் தள்ளிப்போட்டு, அந்தப் பணத்தில் குளிர்காலத்தில் புடாபெஸ்ட் சிஃப்ரா விழாவுக்கு டிக்கெட் எடுங்கள். அறை வாடகையும் அப்போது கோடையைவிட இறங்கியிருக்கும்.