வெளிநாட்டுப் பேச்சாளரை பெங்களூருக்கு அழைக்கும்முன்

யாழ்ப்பாணத்திலிருந்தோ டொரண்டோவிலிருந்தோ ஒருவரைப் பெங்களூர்த் தமிழ்க் கூட்டத்துக்குப் பேச அழைக்கிறீர்களா? மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: எந்த விசாவில் வருகிறார்? "டூரிஸ்ட் விசா கையில் இருக்கு, வந்துடறேன்" என்றால் அங்கேயே நிறுத்துங்கள். சுற்றுலா இ-விசா ஊர் பார்க்க, உறவினரைப் பார்க்க, குறுகிய யோகா பயிற்சிக்கு என்று சிலவற்றுக்கு மட்டுமே. மேடைப் பேச்சு அதில் வராது. கருத்தரங்குக்கு கான்ஃபரன்ஸ் விசா தனியாக இருக்கிறது.

அந்த விசாவுக்கு உள்துறை அமைச்சகத்தின் நிகழ்ச்சி அனுமதியும் வெளியுறவு அமைச்சகத்தின் அனுமதியும் கேட்கப்படலாம். கேட்டால், வாங்கித் தரவேண்டியவர் ஏற்பாட்டாளர்; பேச்சாளர் அல்ல. பல சங்கங்கள் இதை அறியாமல் கடைசி வாரத்தில் ஓடுகின்றன. இரண்டு மாதமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். அழைப்புக் கடிதம் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், பாஸ்போர்ட் எண், தேதிகள், இடம், பேசும் தலைப்பு, செலவு யாருடையது, தங்குமிடம் எது என எல்லாம் அதில் வரட்டும். இனிஷியல் போட்டுப் பழகிய தமிழர்களுக்குப் பெயர் பொருந்தாமல் போவது மிகச் சாதாரணம். தலைப்பை மங்கலாக எழுதித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். கடிதத்தில் 'பண்பாடு', முகநூல் போஸ்டரில் 'போரும் காணாமல் போனோரும்' என்றிருந்தால், அந்த முரண்பாடே அவரைத் திருப்பி அனுப்பப் போதுமான காரணமாகிவிடும்.

விசா விதியை மீறினார் என்ற குறிப்பு ஒருமுறை பதிவானால் அடுத்த பயணத்தில் வந்து நிற்கும். 2025 அக்டோபரில் லண்டனைச் சேர்ந்த இந்தி அறிஞர் பிரான்செஸ்கா ஓர்சினி, செல்லுபடியாகும் இ-விசாவோடு வந்தும் டெல்லி விமான நிலையத்திலிருந்து திருப்பப்பட்டார். முந்தைய பயணத்தில் விதியை மீறியதால் கறுப்புப் பட்டியலில் இருந்தார் என்பது அரசுத் தரப்பிலிருந்து வந்த விளக்கம். இந்த ஆயுதம் இந்தியாவிடம் மட்டும் இல்லை. நார்வே குடியுரிமை பெற்ற நம் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலனை, 2013 நவம்பரில் விசா விதியை மீறியதாகச் சொல்லித்தான் இலங்கை கைது செய்து வெளியேற்றியது.

எல்லாம் சரியாக இருந்தாலும் விசா என்பது கவுண்டர் வரை வருவதற்கான அனுமதி மட்டுமே. உள்ளே விடுவதா என்பதைக் குடிவரவு அதிகாரி அங்கே முடிவு செய்வார். 2025 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள புதிய குடிவரவு, வெளிநாட்டினர் சட்டம் அவர் முடிவே இறுதியானது என்கிறது. மாநில அரசின் அழைப்பும் காப்பாற்றாது. 2024 பிப்ரவரியில் கர்நாடக அரசே நடத்திய அரசியல் சாசன மாநாட்டுக்கு, அந்த அரசின் அழைப்பில் வந்த லண்டன் பேராசிரியர் நிதாஷா கவுல் தேவனஹள்ளி விமான நிலையத்திலேயே தடுக்கப்பட்டு, ஏறக்குறைய ஒரு நாள் வைக்கப்பட்டு, லண்டனுக்குத் திருப்பப்பட்டார். இந்திய வம்சாவளியில் வந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையும் அவருக்கு உதவவில்லை. விசாவும் வெளியேற்றமும் அரசியல் சாசனத்தின் ஏழாம் அட்டவணையின் மத்தியப் பட்டியலில், 19ஆம் இனத்தில் இருக்கின்றன. மாநில அரசு இயங்கும் விதான சவுதாவுக்கு அதில் அதிகாரம் இல்லை. ஓசிஐ வைத்திருப்பவர்களும் ஆய்வு, இதழியல், மதப் பிரசாரம் போன்றவற்றுக்குத் தனி அனுமதி பெற வேண்டும் என்று 2021 மார்ச் அறிவிக்கை சொல்கிறது.

நீதிமன்றத்துக்குப் போகலாமா? பேச்சுரிமை தரும் அரசியல் சாசனத்தின் 19ஆம் பிரிவு குடிமக்களுக்கு மட்டும். வெளிநாட்டவரை வெளியேற்றும் அதிகாரத்துக்கு வரம்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 1955இல் ஹான்ஸ் முல்லர் வழக்கிலேயே சொல்லிவிட்டது. ஆனால் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் நாம் குடிமக்கள். தகவலைப் பெறும் உரிமையும் 19(1)(அ)வில் அடங்கும் என்பது 1995ஆம் ஆண்டு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கின் தீர்ப்பு. திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொரு பேச்சாளரோடும் நம் காதும் அடைக்கப்படுகிறது என்ற வாதத்தை அங்கிருந்துதான் கட்ட வேண்டும். அமெரிக்காவில், நுழைய அனுமதி மறுக்கப்பட்ட பெல்ஜிய மார்க்சியர் எர்னஸ்ட் மண்டேலுக்காக அந்நாட்டுப் பேராசிரியர்கள் இதையே வாதிட்டு 1972இல் தோற்றார்கள். அந்தத் தீர்ப்பும்கூட, மேலோட்டமாகவேனும் நியாயமான ஒரு காரணத்தை அரசிடம் எதிர்பார்த்தது. காரணமே சொல்லாமல் அனுப்புவதுதான் இங்கே மிகப் பெரிய கேடு என்பது என் கருத்து. ஓசிஐ அட்டைக்கு நிலைமை சற்று மேல்: ரத்து செய்யும்முன் விளக்கம் கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஸ்வீடனில் வாழும் பேராசிரியர் அசோக் ஸ்வைனின் அட்டையைக் காரணம் காட்டாமல் ரத்து செய்த உத்தரவை டெல்லி உயர் நீதிமன்றம் 2023இல் நீக்கியது.

வருபவரின் கைப்பையில் விசா, அழைப்புக் கடிதம், நிகழ்ச்சி அனுமதி, திரும்பும் டிக்கெட் ஆகியவற்றின் காகித நகல்கள் இருக்கட்டும். போனை நம்ப வேண்டாம். மருந்தையும் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. உங்கள் எண்ணும் ஒரு வழக்கறிஞரின் எண்ணும் தாளில் எழுதியிருக்கட்டும். தடுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். தர மறுத்தால் நேரத்தையும் கேட்ட கேள்விகளையும் அவர் குறித்துக்கொள்ள வேண்டும். உள்ளே வந்துவிட்டால், அவர் தங்கும் இடத்தைக் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்கும் படிவத்தை (சி-ஃபார்ம் என்று அறியப்பட்டது) 24 மணி நேரத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஓட்டல் தானே செய்துவிடும். அல்சூரில் நண்பர் வீட்டில் தங்கினால் அது வீட்டுக்காரரின் பொறுப்பு. இதை மறந்துதான் பலர் மாட்டுகிறார்கள்.

திருப்பி அனுப்பினால் அடுத்த பல மணி நேரம் அவர் விமானத்தில் இருக்கலாம், வீடியோவிலும் வர முடியாது. ஆகவே ஒரு வாரம் முன்பே உரையை எழுதி வாங்கிவிடுங்கள். யார் வாசிப்பது என்பதையும் முடிவு செய்து, அறிவித்த நேரத்தில் மேடையில் வாசியுங்கள்.