எங்கே அடிபட்டது?

அவசரப் பிரிவில் இரவு டூட்டி பார்க்கும் செவிலியர் தினமும் கேட்கிற கேள்வி இது. வந்தவர் தலையையோ கையையோ தொட்டுக் காட்டுவார். எந்த இடத்தில், எந்தத் தெருவில் என்று பல வருடங்கள் நான் கேட்டதே இல்லை. அது போலீஸ் வேலை என்று இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை என்றால் தையல் ட்ரே இரண்டு கூடுதலாக எடுத்து வைப்போம். மதுக்கடைகள் மூடிய அரை மணி நேரத்தில் ஆட்கள் வரத் தொடங்குவார்கள். உடைந்த பாட்டிலால் பட்ட காயம் வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும். கண்ணாடிச் சில்லு ரத்தத்தோடு கலந்து கிடக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் மின்னும். அதை எடுக்கும்போது சிலர் மன்னிப்புக் கேட்பார்கள், சிலர் என்னையே திட்டுவார்கள். "குடிச்சா இப்படித்தான்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன்.

ஒரு பயிற்சி வகுப்பில்தான் பிரிட்டனில் உள்ள கார்டிஃப் நகரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அங்கே ஜோனதன் ஷெப்பர்ட் என்ற முக அறுவை சிகிச்சை நிபுணர், அடிதடியில் காயப்பட்டு வருகிறவர்களில் பலருடைய சம்பவம் போலீஸ் பதிவிலேயே இல்லை என்பதைக் கவனித்தார். அப்புறம் மருத்துவமனை வரவேற்பு மேசையிலேயே எங்கே, எப்போது, எதனால் என்று கேட்டு, பெயரை எடுத்துவிட்டு, போலீசுக்கும் நகர நிர்வாகத்துக்கும் கொடுத்தார்கள். வன்முறைக் காயத்தோடு மருத்துவமனையில் சேர்கிறவர்கள், மற்ற ஒத்த நகரங்களோடு ஒப்பிட்டால், 42 சதவீதம் குறைந்ததாக 2011இல் வந்த ஆய்வு சொன்னது.

சரி, நானும் கேட்டுப் பார்க்கிறேன் என்று ஒரு நோட்டு போட்டேன். பெயர் கிடையாது, இடமும் நேரமும் மட்டும். இரண்டே மாதத்தில் ஒரே தெருமுனை திரும்பத் திரும்ப வந்தது. நெருக்கியடித்த வீடுகள், கூப்பிடு தூரத்தில் நாலு மதுக்கடைகள். வசதியான பகுதியிலும்தான் குடிக்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு கடை வரப்போகிறது என்றால் மறுநாளே வக்கீல் நோட்டீஸ் போய்விடும். இல்லாதவர்கள் குடியிருக்கும் இடத்தில் மனு கொடுக்கக்கூட ஒரு நாள் கூலியை விட வேண்டும். கடைகள் அங்கேயே போய்ச் சேர்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் மூடும்போது, போதை ஏறிய அத்தனை பேரும் அந்த ஒரு முனையில்தான் நிற்கிறார்கள்.

பிரேசிலில் சாவோ பாலோவை ஒட்டி டியாடெமா என்று ஒரு தொழிற்சாலை நகரம். மதுக்கூடங்கள் விடிய விடியத் திறந்திருந்த ஊர். 2002 ஜூலையில் இரவு 11 மணிக்கு மூட வேண்டும் என்று சட்டம் வந்தது. அதனால் மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்பது கொலைகள் குறைந்ததாகப் பிறகு கணக்கிட்டார்கள். அதைப் படித்த அன்று, இத்தனை வருடம் ட்ரேயைத் தூக்கிக்கொண்டு நான் முணுமுணுத்ததை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

நோட்டில் 'வீடு' என்று எழுதியவற்றை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. தெரு என்றால் சரி, வீட்டை எந்த முனையில் குறிப்பது? போன வாரம் மணிக்கட்டு வீங்கி ஒரு அக்கா வந்தார்.

"எங்கே விழுந்தீங்கக்கா?"

"வீட்லதான் சிஸ்டர்."

"எத்தனை மணிக்கு?"

சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "கடை சாத்தினப்புறம்" என்றார்.