பத்தாயிரம் அடியில் ஒரு எடை மெஷின்

ஜிப்லைன், அதாவது இரண்டு மேடைகளுக்கு நடுவே கட்டிய கேபிளில் தொங்கியபடி சறுக்கிப் போவது, அதற்குப் போகப் போகிறோம் என்று சொன்னதும் அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, "கயிறு அறுந்துட்டா?" எஃகுக் கேபிள்மா, அறாது என்று சொல்லி வைத்தேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான். ஒரு வாரமாக ராத்திரி ராத்திரி வீடியோ பார்த்துத் தைரியம் ஏற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தத் தைரியத்துக்குப் பெரிதாக வேலையே வரவில்லை. மூச்சு, ஜடை, எடை மெஷின், இந்த மூன்றும்தான் பாடாய்ப் படுத்தின.

இடம் அமெரிக்காவில் கொலராடோ மாநிலம், லெட்வில் பக்கம். அக்கா டென்வரில் இருக்கிறாள், அங்கிருந்து கிட்டத்தட்ட நூறு மைல். டென்வரே 5,280 அடி, லெட்வில் பத்தாயிரம் அடிக்கும் மேலே, அதாவது ஏறக்குறைய 3,100 மீட்டர். நம் ஆனைமுடி 2,695 மீட்டர்தான். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரத்தைவிட நானூறு மீட்டர் மேலே ஒரு ஊர், அதில் தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், காபிக் கடை! ஒரு காலத்தில் வெள்ளிச் சுரங்கத்துக்காக ஜனங்கள் முட்டி மோதிக்கொண்டு வந்த ஊராம்.

அத்தான்தான் முதலில் தடுத்தார். "சென்னையிலேருந்து இறங்கி மூணு நாள்கூட ஆகல, நேரா அங்க ஏறினா தலைவலியில படுத்துடுவே." அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். இழுக்கிற மூச்சு அதேதான், அதில் கிடைக்கிற ஆக்சிஜன் குறைவு. அதனால் முந்தின நாளே கிளம்பி, வழியில் ஒன்பதாயிரம் அடியில் இருக்கும் ஃப்ரிஸ்கோவில் ஒரு ராத்திரி தங்கினோம். உயரம் ஒத்துக்கொள்ளாமல் வரும் உபாதைக்கு மாத்திரை உண்டு, அதை டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். நான் செய்ததெல்லாம் தண்ணீர் குடித்தது, மாடிப்படியை மெதுவாக ஏறியது, அத்தான் நீட்டிய பீரை வேண்டாம் என்றது. அப்படியும் நடுராத்திரி இரண்டு தடவை மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தேன்.

ஃப்ரிஸ்கோ போய்ச் சேர்ந்து டிக்கியைத் திறந்தால், சென்னையிலிருந்து கொண்டு போயிருந்த முறுக்குப் பாக்கெட் பலூனாக உப்பிக் கிடந்தது. வெளியே அழுத்தம் குறைகிறதே, உள்ளே அடைபட்ட காற்று சும்மா இருக்குமா? ராத்திரி சாதம் வைத்தபோதும் அதே கதை. தண்ணீர் 90 டிகிரி சொச்சத்திலேயே கொதித்துவிடுகிறது, அரிசி வேகிற வழியாக இல்லை. குக்கர் எடுத்து வந்திருக்கலாம் என்று அக்கா புலம்பிக்கொண்டே இருந்தாள்.

காலை ஒன்பது மணி ஸ்லாட்டைத்தான் பிடித்திருந்தோம், அதுவும் அத்தான் யோசனை. ஜூலை, ஆகஸ்ட்டில் அங்கே மத்தியானம் ஆனால் இடி மின்னல் வந்துவிடும், மின்னல் வெட்டும்போது எஃகுக் கேபிளில் யாரைத் தொங்க விடுவார்கள்? அரை நாள் என்றால் காலை அரை நாளாக இருக்கட்டும். ஆனால் காலையில் குளிர். ஜூலையில் ஐந்து டிகிரி! உள்ளே மெல்லிசாக ஒரு முழுக்கை, மேலே ஃப்ளீஸ் என்கிற கதகதப்பான சட்டை, அதற்கு மேல் காற்றுக்கும் மழைக்கும் ஒரு ஜாக்கெட். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியதாயிற்று. உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம், குளிருகிறதே என்று சன்ஸ்கிரீனைத் தவிர்த்த அத்தானின் மூக்கு சாயங்காலம் தக்காளி.

செருப்பு கூடாது, விரல் மூடிய ஷூதான். துப்பட்டா, தொங்கட்டான் எல்லாம் காரிலேயே இருக்கட்டும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனசு வரவில்லை, சட்டைக்குள் விட்டு மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டேன். ஜடைதான் பிரச்சினை. தலைக்கு மேலே கேபிளில் ஓடுகிற ட்ராலி நம் கிணற்றுக் கப்பி மாதிரிதான், ஒன்றுக்கு இரண்டு சக்கரம். அதில் முடி மாட்டினால் என்ன ஆகும் என்று அங்கிருந்த வழிகாட்டிப் பெண் கையாலேயே அபிநயம் பிடித்துக் காட்டினாள். ஜடையை மடித்துச் சட்டைக்குள் விட்டு, ஹெல்மெட்டுக்கு அடியில் கொண்டை வராதபடி முடிந்து, பத்து நிமிஷம் போயிற்று.

அப்புறம் எடை மெஷின். பதிவு செய்யும்போது எடை கேட்டிருந்தார்கள், நான் பழைய ஞாபகத்தில் 154 பவுண்டு, அதாவது 70 கிலோ என்று போட்டிருந்தேன். எல்லார் முன்னாலும் மெஷினில் ஏற்றினார்கள். ஷூ, ஜாக்கெட்டோடு 172. அக்கா மகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "சித்தி, பதினெட்டு பவுண்டு ஜாக்கெட்டா?" தயவுசெய்து உண்மையை எழுதுங்கள். வெட்கப்படுகிற விஷயமே இல்லை, அவர்கள் கணக்கே அதை வைத்துத்தான். கனமானவர் வேகமாக வருவார், ஒல்லியானவர் எதிர்க்காற்றில் நடுவழியிலேயே நின்றுவிடுவார். கையுறையும் முக்கியம், உள்ளங்கையில் கனத்த தோல் வைத்தது. பிரேக் அதுதான், கேபிளை மேலிருந்து லேசாக அழுத்த வேண்டும், அதுவும் ட்ராலிக்குப் பின்னால் மட்டும். முன்னால் கை வைத்தால் சக்கரம் விரல் மேல் ஏறிவிடும்.

முதல் மேடைக்கு ஏறியது முப்பது படிகூட இருக்காது, ஏறி முடித்து இரண்டு நிமிஷம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே மவுண்ட் எல்பர்ட், ராக்கி மலைத்தொடரிலேயே உயரமானது, ஜூலையிலும் இடுக்குகளில் பனி ஒட்டியிருந்தது. முதலில் அக்கா மகள் போனாள். பயத்தில் சீக்கிரமே பிரேக்கை அழுத்திவிட்டாள் போல, காற்றும் எதிரே அடித்தது. மேடைக்கு இருபதடி முன்னால் நின்று, மெதுவாகப் பின்பக்கம் ஊர்ந்து, பாதி கேபிளில் துணி உலர்த்தின மாதிரி தொங்கினாள். அப்புறம் முதுகைத் திருப்பிக்கொண்டு, கையால் கேபிளைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

அடுத்தது நான். 172 பவுண்டும் ஒரே வீச்சில் போய் இறங்கியது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டே தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், ஜாக்கெட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை.