விடை தெரிந்த கணக்குகளை வைத்து டென்சர் படித்தேன்

நான் பார்ப்பது தகைவுப் பகுப்பாய்வு வேலை. ஒரு பாகத்தின் மேல் சுமை ஏறினால் உள்ளே எங்கே எவ்வளவு தகைவு (ஒரு பரப்பலகில் உள்ளே ஏறும் விசை), எவ்வளவு திரிபு (அதனால் வடிவம் மாறும் அளவு) என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். சேர்ந்து சில வருடங்கள் வரை டென்சர் (அச்சுகளைத் திருப்பினால் எண்கள் ஒரு விதிப்படி மாறும், ஆனால் குறிக்கும் பொருள் மாறாத அளவு) என்ற சொல்லைத் தினமும் சொல்லிக்கொண்டே, அது என்னவென்று சரியாகத் தெரியாமல் ஓட்டிவிட்டேன். வரிசையாக ஆறு எண்கள் இருந்தால் தகைவு, இன்னொரு ஆறு எண்கள் இருந்தால் திரிபு, அவ்வளவுதான்.

அது போதாது என்று புரியவைத்தது ஒரு தகடு. இழைகளை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்வது, ஒவ்வொரு அடுக்கிலும் இழை ஒவ்வொரு கோணத்தில் ஓடும், அதனால் திரிபை அந்தந்த அடுக்கின் திசைக்குத் திருப்பிவிட்டுத்தான் கணக்குப் பார்க்க முடியும். திருப்பும் நிரலை நான்தான் எழுதினேன். 0 டிகிரி அடுக்கில் விடை சரி, 90 டிகிரியிலும் சரி. 45 டிகிரியில் மட்டும் உதைத்தது. வெறும் ஷியர் திரிபு (செங்கோணம் சாயும் அளவு) 0.002 கொடுத்து 45 டிகிரி திருப்பினால் இழுவைத் திரிபு 0.001 வர வேண்டும், எனக்கு 0.002 வந்தது. திருப்பினாலும் இழுவைத் திரிபுகளின் கூட்டுத்தொகை மாறக் கூடாதே என்று அதையும் பார்த்தேன். மாறவில்லை! ஒரு திசையில் கூடிய தப்பு மறு திசையில் அதே அளவு குறைந்திருந்தது.

காரணம் இதுதான்: பொறியாளர்கள் ஷியர் திரிபு என்று எழுதி வைப்பது கோணம் மொத்தமாக எவ்வளவு மாறியது என்ற எண்ணை. டென்சரின் கூறு அதில் பாதி. நான் தகைவைத் திருப்பும் அணியையே (மேட்ரிக்ஸ்) எடுத்துத் திரிபுக்கும் போட்டிருந்தேன். 0, 90 இரண்டிலும் சைன், கொசைன் பெருக்கல் பூஜ்யமாகிவிடுவதால் தப்பு வெளியே தெரியவில்லை. திருத்த இரண்டு நிமிடம் ஆகவில்லை, ஆனால் நான் கையாளும் பொருள் என்னவென்றே தெரியாமல் இத்தனை நாள் எண்களைத் திருப்பிக்கொண்டிருந்தேன் என்பது மனதைக் குடைந்தது. அன்றிலிருந்து வேலை முடிந்தபின் தினமும் ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்தேன்.

தப்பான இடத்தில்தான் ஆரம்பித்தேன். பொதுச் சார்பியல் விரிவுரைகளில் டென்சர் வருகிறதே என்று நேராக அங்கே போனால், முதல் மணி நேரத்திலேயே "டென்சர் போல உருமாறுவது எதுவோ அதுவே டென்சர்" என்று ஒரு வரையறை வந்துவிடும். வரையறையில் பிழையில்லை, ஆனால் தனியாகப் படிப்பவருக்கு அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த படி ஏற முடியாது. டென்சர் எழுத்துக்கு மேலும் கீழும் போடும் மேற்குறி, கீழ்க்குறிகளை வைத்து ஒரு மாதம் வித்தை காட்டினேன், ஒன்றும் ஒட்டவில்லை.

அப்புறம் நாசாவுக்காக ஜோசப் கோலெக்கி 2002இல் எழுதிய சிறு அறிமுகம் கிடைத்தது. மாணவர்களுக்கானது, இலவசம், எண்ணிலிருந்து வெக்டர், வெக்டரிலிருந்து டென்சர் என்று கைபிடித்துக் கூட்டிப்போகும். அடுத்து பாவெல் கிரின்ஃபெல்டின் விரிவுரைகள், யூடியூபில் இருக்கின்றன. ஆயத்தொலைவுகளைத் தொடும் முன்பே பொருளை வடிவமாகப் பார்க்கச் சொல்வார். அம்பு முதலில், அதன் எண்கள் பிறகு. எனக்குக் கண் திறந்தது அங்கேதான்.

ஆனால் பார்த்தது கைக்கு வந்தது ஒரே ஒரு கணக்கில். சமதளம் முழுக்க ஒரே நீளத்தில், ஒரே திசையில், எக்ஸ் அச்சுக்கு இணையாக அம்புகள். எங்கே போனாலும் அதே அம்பு, ஆகவே வகையீடு பூஜ்யம் என்று குழந்தைக்கும் தெரியும். இதையே துருவ ஆயங்களில் (ஆரம், தீட்டா என்ற கோணம் இரண்டையும் வைத்து இடத்தைக் குறிப்பது) எழுதினால் ஆரத் திசைக் கூறு கொசைன் தீட்டா, கோணத் திசைக் கூறு மைனஸ் சைன் தீட்டாவை ஆரத்தால் வகுத்தது. ஆரக் கூறைத் தீட்டாவால் வகையிட்டால் மைனஸ் சைன் தீட்டா வருகிறது, பூஜ்யம் வரவில்லை. மாறாத அம்பு மாறுவது போலத் தெரிகிறது, ஏனென்றால் அம்பு நிற்கிறது, அளக்கும் அச்சுகள்தான் சுழல்கின்றன. அந்தச் சுழற்சியைக் கழிப்பதற்குத்தான் கிறிஸ்டாஃபெல் குறியீடு. இங்கே தேவைப்படுவதன் மதிப்பு மைனஸ் ஆரம். அதைக் கோணக் கூறால் பெருக்கினால் பிளஸ் சைன் தீட்டா, இரண்டையும் கூட்டினால் பூஜ்யம். தாளில் அந்தப் பூஜ்யம் விழுந்தபோது எழுந்து இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்து, அதையே மறுபடி ஒருமுறை போட்டேன்.

தனியாகப் படிக்கும்போது சரியா தப்பா என்று சொல்ல ஆள் கிடையாது. 1912இல் ஐன்ஸ்டைனுக்கே ரீச்சி, லெவி-சிவிட்டா என்ற இத்தாலியக் கணிதவியலாளர்கள் செய்த டென்சர் கணிதத்தை அறிமுகப்படுத்த கிராஸ்மன் என்ற நண்பர் இருந்தார். அப்படி ஒருவர் இல்லாதவர்களுக்கு, விடை முன்பே தெரிந்த கணக்குதான் வாத்தியார். அதனால் விடைகளோடு வரும் ஷாம் வரிசைப் பயிற்சி நூலை நான் பெரிதாக மதிக்கிறேன். அழகான விளக்கம் இருந்தும் தீர்த்த கணக்கு இல்லாத நூல்களை இரண்டாவது சுற்றுக்கு ஒதுக்கிவிட்டேன். ஒன்று முக்கியம்: ஒரே சமயத்தில் இரண்டு நூல்களைத் திறக்காதீர்கள். குறியீடும் குறிகளின் வரிசையும் ஆளுக்கு ஆள் மாறும், எதில் குழம்பினோம் என்றே தெரியாது.

இப்போது அலுவலகத்தில் எந்தத் திருப்பல் நிரல் வந்தாலும் 0, 90 பார்ப்பதோடு விடுவதில்லை. தகைவையும் திரிபையும் பெருக்கிக் கிடைக்கும் ஆற்றல் திருப்புவதற்கு முன்னும் பின்னும் ஒன்றா என்று 30 டிகிரியிலும் பார்க்கிறேன். என் பழைய தப்பு அதில் உடனே மாட்டியிருக்கும்.

வீட்டில் வளைவு வரை வந்திருக்கிறேன். கோளத்தின் மேற்பரப்புக்கு ரீச்சி அளவு (வளைவைச் சொல்லும் ஒரு எண்) 2ஐ ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தது என்று முன்பே தெரியும், முதல் தடவை பூஜ்யம் வந்தது, இரண்டாவது தடவை குறி மாறி வந்தது. போன வாரம் மூன்றாவது தடவை சரியாக வந்தது.