தோலை வளர்த்துவிடலாம், வயதாக்குவதுதான் பாடு

முதுமையைத் தடுக்கும் என்று சொல்லும் அழகுப் பொருள்களைச் சோதிக்க ஆய்வகத்தில் தோல் வளர்க்கிறோம் என்றால், அந்தத் தோல் எங்கிருந்து வருகிறது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். மார்பகக் குறைப்பு, வயிற்றுத் தோல் அகற்றல் போன்ற அறுவைகளில் கழிவாகப் போகும் தோல், சுன்னத் செய்த குழந்தைகளின் முன்தோல், இவற்றிலிருந்துதான். உரிய சம்மதத்தோடு வாங்கிச் செல்களைப் பிரித்தெடுப்போம். மேல்தோல் செல்லான கெரட்டினோசைட்டை ஆய்வகத்தில் பெருக்கும் வழியை ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் 1975-இல் காட்டினார்கள், இன்றைய வேலைக்கெல்லாம் அடித்தளம் அதுதான்.

தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனை எலிவாலிலிருந்து எடுத்தது, ஐஸில் வைத்தபடியே காரக் கரைசல் சேர்த்துச் சமன்செய்து, உள்தோலில் கொலாஜனை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைக் கலந்து, குமிழி வராமல் ஊற்றி, 37 டிகிரியில் வைத்தால் ஜெல்லாக இறுகும். அதன்மேல் கெரட்டினோசைட்டுகளை விட்டு, சில நாள் கழித்து மீடியத்தை, அதாவது செல்களுக்கு உணவூட்டும் திரவத்தை, கீழே மட்டும் நிறுத்தி மேற்பரப்பைக் காற்றுக்குத் திறந்துவிடுவோம். தோல் தோலாவது அதற்கப்புறம்தான். ஈரப் பளபளப்பு மெல்ல மங்கி மேலே உலர்ந்த படலம் கட்டுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஃபைப்ரோபிளாஸ்ட் இழுத்து ஜெல் சுருங்கி ஓரம் விட்டுவிட்டால் மீடியம் மேலே ஏறிவிடும், அந்த மாதிரியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மீடியம் மாற்றுவதற்கு ஞாயிறும் கிடையாது, தீபாவளியும் கிடையாது.

சரி, தோல் வந்துவிட்டது. ஆனால் அது இளந்தோல். முதுமையை நாம்தான் கொண்டுவர வேண்டும், அதற்கு ஒரே வழி என்று எதுவும் இல்லை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில் ஒன்றான யுவி-ஏ ஒளியைக் காட்டினால் ஃபைப்ரோபிளாஸ்ட் எம்எம்பி-1 என்ற நொதியைச் சுரந்து கொலாஜனை வெட்டும், இது வெயிலின் வேலை. கொலாஜனைச் சர்க்கரையோடு ஊறவைத்துக் கட்டினால் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும், இது சர்க்கரையின் வேலை. பலமுறை பெருக்கிப் பிரிவதை நிறுத்திவிட்ட செல்களைப் போட்டால் இன்னொரு கதை. வயதானவர்களின் செல்லையே எடுக்கலாமே என்பீர்கள், எடுக்கிறோம்தான், ஆனால் ஒரே வயதுக்காரர் இருவரின் செல்கள் நடந்துகொள்ளும் விதமே வேறு, முகத்துத் தோலும் வெயில் படாத வயிற்றுத் தோலும் ஒன்றாக மூப்பதும் இல்லை.

எனக்கு உறுத்துவது கால அளவுதான். நம் தோலில் உள்ள கொலாஜனில் பாதி மாறவே ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஆகும், எங்கள் ஜெல்லின் ஆயுளோ சில வாரம். இரத்தக் குழாய் இல்லை, நரம்பு இல்லை, எண்ணெய்ச் சுரப்பி இல்லை, பெரும்பாலான மாதிரிகளில் நோயெதிர்ப்புச் செல்லும் இல்லை. நாங்கள் செய்வது முதுமை அல்ல, முதுமையில் நடக்கும் சேதங்களில் ஒன்றைத் தனியாகப் பிரித்து வைப்பது. ஒரு பொருள் எந்தச் சேதத்தில் கைவைக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்தப் பிரிப்புதான் வசதி, வெயில் பட்ட ஆள் தோலில் வெயிலின் வேலையையும் வயதின் வேலையையும் பிரித்துப் பார்ப்பது கடினம்.

அழகுப் பொருள்களுக்கு விலங்குச் சோதனையை இந்தியா 2014-இல் தடை செய்தது, சோதிக்கப்பட்ட பொருள்களை விற்க ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் முழுத் தடை போட்டது. தோலை அரித்துப் புண்ணாக்குமா, எரிச்சல் வருமா என்ற கேள்விக்கு இந்த மாதிரிகள் நன்றாகவே பதில் சொல்கின்றன, ஆம் அல்லது இல்லை என்று முடிந்துவிடும் கேள்வி அது. முதுமை அப்படி முடியாது. 'யுவி-ஏ காட்டிய மாதிரியில் எம்எம்பி-1 குறைந்தது' என்று நாங்கள் எழுதி அனுப்பினால், விற்பனைப் பக்கத்திலிருந்து 'சுருக்கங்கள் குறைந்தன' என்று திரும்பி வரும். மாதிரியில் சுருக்கமே கிடையாது, பிறகு எங்கே குறைவது? அடித்துவிட்டு மறுபடி அனுப்புவோம்.