படிக்கட்டுக்கு அடியில் ஓர் ஆர்எக்ஸ் 100

ஜூன் 8, 2025, ஞாயிறு

எஞ்சினை இன்று வண்டியிலிருந்து இறக்கியாயிற்று. அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100, 1991 மாடல். அவர் ரிட்டையர் ஆன பிறகு படிக்கட்டுக்கு அடியில் ஓரமாக நின்றுவிட்டது. போன வருஷம் நான் எடுத்து ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு தொந்தரவு. கியர் ஆயில் மட்டம் இறங்கிக்கொண்டே வரும். தரையில் ஒரு சொட்டு இருக்காது. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் உடனே அடங்காமல் கத்திக்கொண்டு நிற்கும்.

இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். இதில் கிராங்க் கேஸ்தான், அதாவது கிராங்க் தண்டு சுற்றும் அடிக்கூடுதான், பம்ப். பெட்ரோலும் காற்றும் முதலில் அங்கே வந்து, பிஸ்டன் இறங்கும்போது அழுத்தம் ஏறி, அதன் பிறகே மேலே போகின்றன. கிராங்கின் இரண்டு பக்கமும் இருக்கும் ஆயில் சீல்கள் என்ற ரப்பர் வளையங்கள்தான் அந்தப் பம்பில் கசிவில்லாமல் காப்பவை. கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும், சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். மேக்னெட் பக்கத்து சீல் போனால் வெளிக்காற்று உள்ளே நுழையும். கலவையில் பெட்ரோல் குறைந்து சூடு ஏறும், என்றாவது ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். எங்கள் வண்டியில் இரண்டு சீலும் போயிருக்கின்றன. விரலால் அழுத்திப் பார்த்தேன், ரப்பரின் உதடு காய்ந்த தோல் மாதிரி விறைத்திருந்தது.

கழற்றியதையெல்லாம் அட்டையில் எஞ்சின் படம் வரைந்து, அந்தந்த ஸ்க்ரூவை அதன் இடத்திலேயே குத்தி வைத்துவிட்டேன். அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று அளவு மட்டும். நான் வேலை பார்ப்பது அம்பத்தூர் எஸ்டேட்டில், குவாலிட்டி பிரிவில். நாள் முழுக்க மற்றவர்கள் செய்த பாகங்களை அளப்பதுதான் என் பிழைப்பு. அந்தக் கையோடு சொந்த எஞ்சினை அளப்பதில் ஒரு தனி நிம்மதி இருக்கிறது.

ஆர்எக்ஸ் 100க்கு போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 50 மி.மீ. பிஸ்டன் போய்வரும் தூரமான ஸ்ட்ரோக்கும் 50. சேர்ந்து 98 சிசி. இது தேய்மானத்தால் ஏற்கெனவே 0.50 ஓவர்சைஸாக, அதாவது அவ்வளவு பெரிதாக, கடைந்த ப்ளாக் (சிலிண்டர்). போர் கேஜ் விட்டுப் பார்த்ததில் புகை வெளியேறும் ஓட்டையான எக்ஸாஸ்ட் போர்ட்டை ஒட்டிய இடத்தில் 50.59, கீழே 50.55. சூடும் அழுக்கும் அதிகமாகப் படுகிற இடத்தில்தான் தேய்மானம் கூட, அது எதிர்பார்த்ததே. அடுத்த அளவு 0.75. அதற்கப்புறம் 1.00 ஒன்று மிச்சமிருக்கிறது. அதையும் தாண்டினால் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயான ஸ்லீவை மாற்ற வேண்டும். ப்ளாக்குக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது.

கிராங்க்தான் கவலை. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், அது கணக்கில் உள்ளதுதான். மேலும் கீழும் இழுத்தால் அசையவே கூடாது. இதில் 'டிக்' என்று ஒரு சத்தம், விரல் நுனியிலும் தெரிகிறது. கிராங்கைப் பிரித்துப் புது ராடு செட் போட வேண்டும்.

ஜூன் 21, சனி

சென்னையில் வண்டிப் பாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு. பிஸ்டன் தேடி.

1985இல் வந்து 1996இல் நின்றுபோன வண்டி. கம்பெனி நிறுத்தி ஏறக்குறைய முப்பது வருஷமாகியும் ஓட்டுகிறவர்கள் நிறுத்தவில்லை. அதனால் பாகம் கிடைக்காமல் இல்லை. எந்தக் கடையில் கேட்டாலும் ஒரு நிமிஷத்தில் டப்பா வந்து விழுகிறது. டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. கம்பெனி டப்பாவை அப்படியே அச்சடித்து, ஹாலோகிராம் ஒட்டி, நல்ல ஆங்கிலத்தில் வாசகம் போட்டு வருகிறது.

ஒரு கடையில் எடுத்துக் காட்டிய பிஸ்டனைக் கையிலிருந்த மைக்ரோமீட்டரில் பிடித்தேன்.

"என்னம்மா, நகைக்கடையில தங்கம் உரசற மாதிரி பாக்கற? கம்பெனி ஐட்டம்மா அது."

"இருக்கட்டும்ணே, ஒரு நிமிஷம்."

நல்ல பிஸ்டன் நேரான உருளையாக இருக்காது. தலைப்பகுதிதான் நெருப்பைத் தொடுவது, அங்கே சூடு அதிகம், விரிவும் அதிகம். அதனால் தலை குறுகலாகவும் கீழே ஸ்கர்ட் அகலமாகவும் கடைந்திருப்பார்கள். பிஸ்டனை ராடோடு இணைக்கும் 'பின்' என்ற தண்டு போகும் திசையில் உலோகம் தடிமன் என்பதால் வட்டமும் கொஞ்சம் நீள்வட்டமாக இருக்கும். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் உலோகம். இந்த வடிவத்தில்தான் எஞ்சின் சூட்டில் பிடித்துக்கொள்ளாமல் ஓடுகிறது. நான் பிடித்த பிஸ்டன் மேலே, கீழே, குறுக்கே, நெடுக்கே எல்லாப் பக்கமும் ஒரே அளவு. பளபளப்பாக இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதைப் போட்டிருந்தால் பட்டறைக்காரர் எவ்வளவு ஒழுங்காக போர் போட்டாலும் முதல் நூறு கிலோமீட்டருக்குள் கோடு விழுந்திருக்கும், பழியும் அவர் தலையில்தான் விழும்.

இன்னொரு கடையில், "எதுக்கும்மா இந்த அலைச்சல், 135 ப்ளாக்கத் தூக்கிப் போட்டுடு" என்றார்கள். ஆர்எக்ஸ் 135க்கும் ஸ்ட்ரோக் 50தான், போர் மட்டும் 58. நிறையப் பேர் செய்கிறார்கள். எனக்கு வேண்டாம். ஆர்சி புத்தகத்தில் 98 சிசி என்று இருக்கிறது, இந்த எஞ்சினின் குணமும் அந்த 98இல்தான் இருக்கிறது.

பிஸ்டன் இல்லாமலே வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

புதுப்பேட்டை. கூவத்தை ஒட்டிய அந்தச் சந்துகளில் பிரித்துப் போட்ட வண்டிகளின் நடுவே நடப்பது எனக்குப் பிடிக்கும். கிரீஸ் வாடை, எங்கோ ஒரு கிரைண்டர் சத்தம், வாசல் வரை அடுக்கிய சைலன்சர்கள். தேடுகிறவருக்குக் கண் பழகிவிட்டால் நல்ல சரக்கு இங்கேதான் இருக்கிறது.

ராடு செட் விஷயத்தில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். போன வாரம் வாங்கிய புது செட்டில், ராடு மாட்டிச் சுற்றும் தண்டான கிராங்க் பின்னின் ஓரத்தில் மெல்லிய அரத்தை இழுத்துப் பார்த்தேன். கடினப்படுத்திய இரும்பில் அரம் கண்ணாடியில் போவது போல வழுக்க வேண்டும். இது கடித்தது, வெள்ளைக் கோடு விழுந்தது. திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் மேனேஜரிடம் கேட்டு, கடினத்தை அளக்கும் ராக்வெல் மெஷினில் வைத்தேன். 60 எச்ஆர்சி பக்கத்தில் இருக்க வேண்டியது 47 காட்டியது. நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுற்றில் அந்தப் பின்னின் மேல் ஊசி பேரிங் உருண்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்று கிடைத்தது ஒரு பழைய கிராங்க். தேய்ந்துபோன ப்ளாக்கோடு கூடிய எஞ்சினிலிருந்து கழற்றியது. ராடு மேலும் கீழும் அசைவே இல்லை. பேரிங்கில் ஜப்பான் முத்திரை அழியாமல் இருந்தது. ஆரம்ப கால வண்டிகளுக்கு ஜப்பானிலிருந்து வந்த பாகங்கள். கடைக்காரர் எடைக்குப் போட இருந்தாராம். டப்பா இல்லை, ஹாலோகிராம் இல்லை. அளந்து பார்த்தால் எல்லாம் இருக்கிறது.

முழு கிராங்க் கேஸும் தருகிறேன் என்றார். அதைத் தொடவில்லை. எஞ்சின் நம்பர் கேஸில்தான் அடித்திருக்கும், காகிதமில்லாமல் வாங்கினால் வேறு யாருடைய வண்டி வீட்டுக்கு வருகிறது என்றே தெரியாது. தவிர, கேஸின் இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் கடைவார்கள். ஒரு பாதி மட்டும் வாங்கி ஜோடி சேர்த்தால் பேரிங் இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்காது.

ஜூலை 12, சனி

லேத் பட்டறை அண்ணனிடம் கிராங்க். இரண்டு முனையையும் சென்டரில் பிடித்து, கோணலைக் காட்டும் டயல் கேஜை இரண்டு பக்கமும் வைத்து, கையால் மெதுவாகச் சுற்றினார். ஒரு பக்கம் முள் 0.07 மி.மீ. வரை ஆடியது. எந்த இடத்தில் உச்சம் என்று சாக்பீஸால் குறித்தார். வெளியே எடுத்து, செம்புச் சுத்தியலால் வீலின் விளிம்பில் ஒரே ஒரு அடி. மறுபடி சென்டர், மறுபடி டயல். பேசவே மாட்டார். கடைசியில் முள் 0.02இல் நின்றது, 0.03க்குள் இருந்தால் போதும்.

"இனிமே ஒண்ணும் பண்ணாத பாப்பா. கீழ போட்றாத, அவ்ளோதான்."

இந்தக் கையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. காசு வாங்கும்போதும் தயங்கினார், நான்தான் சட்டைப் பையில் திணித்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

பிஸ்டன் கிடைத்துவிட்டது. சேலத்தில் ஒரு பழைய ஸ்பேர்ஸ் கடையை மூடுகிறார்கள் என்று அலுவலக நண்பர் சொன்னார். அவரே ஊருக்குப் போனபோது எடுத்து வந்தார், 0.75, மங்கிப்போன டப்பா, ஓரத்தில் கரையான். உள்ளே எண்ணெய்க் காகிதம் அப்படியே. தலையில் குறுகல், ஸ்கர்ட்டில் அகலம், நீள்வட்டம், எல்லாம் இருக்க வேண்டியபடி. ரிங்கும் சேர்ந்தே இருந்தது. மகிழ்ச்சியில் அம்மாவிடம் காட்டினேன், அம்மாவும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

பேரிங்கை அப்படியே விட மனமில்லை. அழகாகச் சுற்றினாலும் வயது வயதுதான். புதுசு வாங்கினேன். இதில் சி3 என்று அடித்திருக்க வேண்டும், அதாவது உள்ளே குண்டுகளுக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி. இறுக்கமாக உட்கார்ந்து, சூடும் ஏறும் இடத்துக்கு அது தேவை. பேரிங்கில் போலி மிக அதிகம். எஸ்கேஎஃப் கம்பெனியில் சந்தேகமான பேரிங்கைப் படம் எடுத்து அனுப்பிக் கேட்கவே ஒரு செயலி வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவர்கள் அதைப் பயன்படுத்துங்கள்.

சீல் வாங்கும்போது தேதி கேட்டேன். கடையில் பல வருஷம் தொங்கிய ரப்பர் புதுசு ஆகாது. இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பரை இது ஊதவைத்து இளக்குகிறது. பெட்ரோல் ட்யூப், கார்புரேட்டர் ஓ-ரிங் எல்லாமே மாற்றுகிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

போர் போட்டு வந்த ப்ளாக். பட்டறைக்குப் பிஸ்டனையும் கொடுத்தே அனுப்பினேன். டப்பாவில் போட்ட அளவுக்கு போர் போடக் கூடாது, கையில் இருக்கும் பிஸ்டனுக்குத்தான் போட வேண்டும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி 0.04 மி.மீ.

சிலிண்டர் சுவரில் உள்ள ஓட்டைகளான போர்ட்டுகளின் ஓரம் கத்தி மாதிரி கூர்மையாக வந்திருந்தது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் மட்டுமே பழகியவர்கள் விட்டுவிடும் இடம் இது. ரிங் ஒவ்வொரு சுற்றிலும் இந்த ஓட்டைகளைத் தாண்டிப் போகிறது; ஓரம் கூர்மையாக இருந்தால் ரிங்கை வெட்டிவிடும். சிறிய எண்ணெய்க் கல்லால் ஒவ்வொரு ஓரத்தையும் மழுக்கினேன். மதியம் முழுக்க அதுதான் வேலை. அம்மா கலந்த சாதம் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு சுடுதண்ணீர், சோப்பு, பிரஷ். ஹோனிங் தூள், அதாவது சிலிண்டரைக் கல்லால் தேய்த்த தூள், பெட்ரோலில் முழுதாகப் போகாது, சோப்புத் தண்ணீரில்தான் போகும். வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். வந்தது. உடனே எண்ணெய் தடவினேன், இல்லையென்றால் கண்ணெதிரே துரு ஏறும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பேரிங்கை ராத்திரி ஃப்ரீசரில் வைத்து, காலையில் கேஸைச் சூடாக்கிப் போட்டேன். 'தொப்' என்று தானே உட்கார்ந்தது, சுத்தியலே தேவைப்படவில்லை. பிஸ்டனில் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம், ஒவ்வொரு ரிங்கின் வாயும் அதைத் திரும்பாமல் நிறுத்தும் சின்ன முளையில், பிஸ்டன் தண்டைப் பிடித்து நிறுத்தும் சர்க்ளிப் புதுசு.

எஞ்சினை வண்டியில் ஏற்றும் முன் காற்றுச் சோதனை. அப்பாவின் பழைய பிபி கருவியின் பல்பும் மீட்டரும் இதற்கு அளவெடுத்த மாதிரி. பழைய ஸ்பார்க் பிளக்கின் உள்ளே இருந்ததை உடைத்து எடுத்து, அந்த உலோகக் கூட்டில் ட்யூபைப் பொருத்தினேன். எக்ஸாஸ்ட், கார்புரேட்டர் வாய் இரண்டையும் ரப்பர் வைத்து அடைத்து, பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்துக் காற்றடித்தேன். மீட்டரில் 300 (மி.மீ. பாதரசம்) என்பது ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ, இந்த வேலைக்குச் சரியான அழுத்தம்.

முள் இறங்கியது, எங்கோ கசிவு. எல்லா மூட்டிலும் சோப்பு நுரை தடவினேன். சீல் இரண்டும் சுத்தம். கலவையை உள்ளே மட்டும் விடும் ரீட் வால்வின் கேஸ்கெட் ஓரத்தில் குமிழி. செட்டோடு வந்த கேஸ்கெட் வெறும் அட்டை, ஒரே சீராகக்கூட இல்லை. நல்ல ஷீட் வாங்கி வைத்திருந்தேன், அதில் வெட்டிப் போட்டேன். முள் 300இல் நின்றது. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லிக்கொண்டே இருந்தார், அது அசையவில்லை.

வீட்டில் எஞ்சின் கட்டுகிறவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். பாகம் நல்லதா கெட்டதா என்று ஓடவிட்டுத் தெரிந்துகொள்வதற்குப் பதில் மேஜையிலேயே தெரிந்துவிடுகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இரண்டாவது உதையில் பிடித்தது. அந்தச் சத்தம் தெருவுக்கே தெரியும், எதிர்வீட்டு மாமா வெளியே வந்துவிட்டார். ஆக்ஸிலேட்டரை விட்டதும் சட்டென்று அடங்குகிறது.

சூடாக்கி, நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஸ்டார்ட். ஆயில் பம்ப் இருந்தாலும் இந்த முதல் டேங்கில் கொஞ்சம் டூடி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்திருக்கிறேன்.

"நான் ஒரு ரவுண்டு போய்ட்டு வரவாம்மா?"

"ஆறட்டும்பா. சாயங்காலம் நீங்கதான் முதல்ல."

செப்டம்பர் 6, சனி

400 கிலோமீட்டர். பிளக் கழற்றிப் பார்த்ததில் காபிப்பொடி நிறம், ஒரு பக்கமும் வெளுக்கவில்லை, கலவை சரியாக இருக்கிறது. கியர் ஆயில் மட்டம் வைத்த இடத்தில் இருக்கிறது. அரை ஆக்ஸிலேட்டருக்கு மேல் இன்னும் திருகவில்லை.

பாக்கி இருப்பது கிக்கர் கியர். பல் ஓரம் தேய்ந்து அவ்வப்போது வழுக்குகிறது. புதுசாக வருவதெல்லாம் அரம் கடிக்கிற ரகம். பழையது, பல் முழுசாக இருக்கும் கியர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து பார்த்து வாங்கிக்கொள்கிறேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி புதுப்பேட்டை.